யார் திருப்பினாலும் கிளம்பும் வண்டி

எங்கள் காருக்கு ஊர் வைத்த பெயர் செலோசா. ஸ்பானிஷில் பொறாமைக்காரி என்று அர்த்தம். 1964-ல் செய்த இம்பாலா, செர்ரிப்பழச் சிவப்பு, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். என் கணவன் டெல்ஃபினோ சாவியைத் திருப்பினால் இருமும், தும்மும், பெட்ரோல் வாடையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் உட்கார்ந்து திருப்பினால் கிளம்பும். இருபத்தாறு வருடமாக இதே கதைதான். "ஒர்லிண்டாவத் தவிர வேற யாரு தொட்டாலும் அவளுக்கு ஆகாது" என்று கார் சங்கத்து ஆண்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் எஸ்பனோலாவில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் கிடையாது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன்.

பொறாமை காருக்கு இல்லை. எனக்கு.

கல்யாணமான இரண்டாவது கோடையில் செய்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ரிவர்சைடு சாலையில் கார்கள் எல்லாம் நத்தை மாதிரி ஊர்வலம் போகும். டெல்ஃபினோ என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போவான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது, மீசையும் அவனுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். பெண்கள் கார் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். இதை நான் இரண்டு முறை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்க நான் என்ன பைத்தியமா?

நான் மெக்கானிக் வீட்டுப் பெண். என் அப்பாவின் ஷெட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்தை விட அதிக நேரம் என் கையில் இருந்தது கார்புரேட்டர்தான். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்று குறைவாக வேண்டும், பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதற்காகக் கார்புரேட்டரின் வாயில் சோக் என்று ஒரு சின்னத் தகட்டுக் கதவு உண்டு. அதை மூடவைக்கும் மெல்லிய கம்பியை இடுக்கியால் ஒரு வளை வளைத்துவிட்டேன். கதவு பாதியிலேயே நின்றுவிடும். அதற்கப்புறம் ஆறிப்போன செலோசாவைக் கிளப்ப ஒரே வழிதான். ஆக்சிலேட்டரை மூன்று முறை அடிவரை மெதுவாக மிதிக்க வேண்டும். மனதுக்குள் பதினொன்று எண்ண வேண்டும். பிறகு கால்வாசி மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பெட்ரோல் நிரம்பி மூழ்கிவிடும்.

அந்தப் பதினொன்றை நான் யாருக்கும் சொல்லவில்லை. எண்ணுகிறேன் என்பது தெரியாமலிருக்க அந்த நேரத்தில் டெல்ஃபினோவை எதற்காவது திட்டிக்கொண்டிருப்பேன். திட்டுவதற்கு எனக்குத் தனிக் கவனம் தேவையில்லை, அது பாட்டுக்கு வரும். மலைமேல் ஐயாயிரத்து அறுநூறு அடியில் காற்று மெல்லிசு, பழைய கார்புரேட்டருக்கு மூச்சு முட்டும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். அன்றிலிருந்து செலோசா எங்கே போனாலும் முன்சீட்டில் நானும் போனேன். ஜன்னலில் முழங்கை ஊன்றுவதெல்லாம் நின்றுபோனது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை.

2004 ஜனவரியில் ஒருநாள் காலை. நான் எங்கள் பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்குச் சமையலறை போன் அடித்தது. டெல்ஃபினோ. அவனுடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி, சாந்தா ஃபே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "எப்படிக் கிளப்பறதுன்னு சொல்லு ஒர்லி, நான் போகணும்" என்றான். நான் என்ன சொன்னேன்? "உன்னால முடியாது, இரு, நான் வரேன்" என்றேன். ரோடெல்லாம் பனி. வீடு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. நாங்கள் ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது மாமியார் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்குக் கை ராசி இல்ல" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னான், பிறகும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பி வளைந்த விதம் அவனுக்குத் தெரிந்தால் என் வாழ்க்கை என்ன ஆகும் என்று அன்றிலிருந்து எனக்குப் பயம். வளைத்ததை நிமிர்த்தவும் பயம். திடீரென்று வண்டி அவனுக்குக் கிளம்பினால் ஏன் என்று யோசிப்பானே.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பீன்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குண்டைப் போட்டான்.

"செலோசாவுக்குக் கார்புரேட்டர எடுத்துட்டு இன்ஜெக்ஷன் போடப்போறேன்."

"என்னது?"

"எலக்ட்ரானிக். பெட்ரோல எவ்வளவு விடணும்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும். குளிரோ வெயிலோ, சாவியத் திருப்பினா கிளம்பிடும். யாரு திருப்பினாலும்."

"இப்ப என்ன குறைச்சல்? நான்தான் கிளப்பித் தரேனே?"

"நீ காலையில அஞ்சு மணிக்கு பிக்கப்ப எடுத்துட்டுப் போயிடற. நான் சீட்டு தைச்சுக்கிட்டு வீட்ல கிடக்கேன்." வாசலில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பதுதான் அவன் தொழில். "ஜனெலுக்கு பிப்ரவரியில பிரசவம். ஆல்புகெர்க்கில இருந்து போன் வந்தா நான் உடனே கிளம்பணும். இன்னொரு தடவ அந்த மாதிரி உக்காந்திருக்க என்னால முடியாது."

அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. மகள் பெயரைச் சொல்லிவிட்டால் நான் என்ன பேசுவது?

"யாரு போட்டுத் தரது?" என்றேன்.

"நாடீன்."

அடப்பாவி!

நாடீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இருபது வருடம் டெக்சாஸில் பந்தயக் கார் ஷெட்டுகளில் வேலை பார்த்துவிட்டு, புருஷனை விவாகரத்து செய்துவிட்டு, போன கோடையில் ஊர் திரும்பியவள். என்னைவிட எட்டு வயது சின்னவள். நகத்துக்குக் கிரீஸ், உதட்டுக்குச் சாயம், இரண்டும் ஒரே நேரத்தில். பந்தயத் தடச் சத்தத்தில் ஒரு காது மந்தம் என்பதால் பேசும்போது ஆள் பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து பேசுவாள். யார் பக்கத்தில் சாய்கிறாள் என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் வேலை ஆரம்பமானது. நான் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தால் என் வாசலில் இரண்டு பேரும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்கும். கார்புரேட்டரைப் பற்றிப் பேசினால் இருபத்தாறு வருடம் கொட்டாவி விட்ட மனிதன், இப்போது பெட்ரோல் டேங்குக்குள் பம்ப் எப்படி உட்காரும், திரும்பி வரும் குழாய் எதற்கு என்று எனக்கே பாடம் எடுத்தான். எனக்கே!

"சைலன்சர்ல ஒரு மூக்கு வெப்பாங்க ஒர்லி. சென்சார். அது புகைய மோந்து பாக்கும். காத்து ஜாஸ்தியா, பெட்ரோல் ஜாஸ்தியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது சரி பண்ணிக்கும். ஓட்ட ஓட்ட வண்டியே கத்துக்குமாம், நாடீன் சொன்னா."

"நாடீன் சொன்னாளா? சாப்பாட்ட வாயால சாப்பிடணும்னு சொல்லலையா?"

"ஏண்டி எதுக்கெடுத்தாலும் கடிக்கற?"

மறுநாள் பார்த்தால், மத்தியானத்துக்கு அவனுக்கென்று நான் சுருட்டி வைத்துவிட்டுப் போன பச்சைமிளகாய் புரீட்டோ ரொட்டிச் சுருள் இரண்டும் அவள் கையில். "அக்கா, இப்படி ஒரு மிளகா ருசி டெக்சாஸ்ல கனவுல கூட வராது" என்றாள். அக்காவாம்! எனக்குத் தங்கச்சி வேண்டும் என்று நான் மனு போட்டேனா? டெல்ஃபினோ பக்கத்தில் ரொட்டியும் தண்ணியுமாக நின்றுகொண்டு இளித்தான்.

அன்றைக்குத்தான் கார்புரேட்டர் இறங்கியது. நாடீன் நாலு நட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சோக் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது. கம்பியைத் தடவினாள். கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

நான் சட்டென்று குனிந்து, கழற்றிப் போட்ட நட்டுகளைப் பொறுக்கினேன்.

"என்ன பாக்கற?" என்றான் டெல்ஃபினோ.

"பழசு. தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். "நான் எடுத்துட்டுப் போய்க் கழுவிக் கொடுக்கறேன். நல்ல பொருள், வீணாக்க வேண்டாம்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள்? நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன், இன்னும் பயமாகிவிட்டது.

பத்து நாளில் வேலை முடிந்தது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் புதுப்பெட்டி. டாஷ்போர்டில் உள்ளங்கையளவு ஒரு திரை. காலை பனி இறுகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, சங்கத் தலைவர் லியாண்ட்ரோ வந்தார், தெருவே வந்தது. டெல்ஃபினோ உட்கார்ந்தான். மிதிக்கவில்லை, எண்ணவில்லை, ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினான். பம்ப் ஒரு நொடி முனகியது, செலோசா கிளம்பிவிட்டாள்.

அவன் குழந்தை மாதிரி கத்தினான். இறங்கி ஓடிவந்து நாடீனின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். அப்புறம் என் பக்கம் வந்தான். அப்புறம்தான்!

"ஏய் ராணி, பாத்தியா? ஒரே திருப்பு!"

"பாத்தேன், பாத்தேன். கண்ணு தெரியுது எனக்கு."

"லியாண்ட்ரோ, வாங்க, நீங்க திருப்புங்க. எல்லாரும் வாங்க!"

நிறுத்துவதும் கிளப்புவதுமாக ஆளாளுக்கு உட்கார்ந்து திருப்பினார்கள். லியாண்ட்ரோ, அவர் மருமகன், எதிர்வீட்டுத் தபால்காரர், எல்லாருக்கும் கிளம்பினாள். "பொறாமைக்காரி திருந்திட்டாடா! இனிமே ஒர்லிண்டாவுக்கு வேலை போச்சு!" என்று லியாண்ட்ரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த வயிற்றிலேயே ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. டிக், டிக், டிக். மெல்லிசாக, வலது பக்கம், எஞ்சினிலிருந்து சைலன்சர் குழாய் இறங்கும் இடத்தில். சென்சாரை வைக்கக் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை, மூட்டை அடைக்கும் கேஸ்கெட் தகட்டின் இடுக்கில் காற்று போகிறது. நாடீனின் மந்தக் காதுக்கு அது கேட்டிருக்காது. டெல்ஃபினோவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், இடி விழுந்தாலும் கேட்காது.

அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த மூக்கு ஏமாந்துபோகும். காற்று ஜாஸ்தி, பெட்ரோல் பற்றவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் இன்னும் பெட்ரோலைக் கொட்டும். தப்பாகவே கத்துக்கொள்ளும். பிளக்கெல்லாம் கரியாகும்.

அரைத் திருப்பு ஸ்பேனர் வேலை அது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. ரிவர்சைடு ஊர்வலம். நான் தலைசீவி, கம்மல் போட்டு, வாசலுக்கு வந்தால் முன்சீட்டில் நாடீன் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் லேப்டாப்போடு.

"அக்கா, கோச்சுக்காதீங்க. வண்டி கத்துக்கற நேரம், நான் திரையப் பாத்துக்கிட்டே வரணும். ஒரு ரெண்டு ஞாயிறுதான்."

"ஏறு ஒர்லி, பின்னாடி தாராளமா இடம் இருக்கு" என்றான் டெல்ஃபினோ.

நானே பிடிவாதம் பிடித்து வாங்கவைத்த வெல்வெட் துணி போட்ட பின்சீட்டில், ஊரே பார்க்க, ஏதோ வழியில் ஏற்றிக்கொண்ட ஆள் போல நான் உட்கார்ந்து போனேன். பக்கத்தில் வந்த கார்களிலிருந்து கத்தினார்கள்.

"ஏ டெல்ஃபினோ! புதுப் பொண்டாட்டியா? மாமியாரையும் கூட்டிட்டு வந்திருக்க!"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். எனக்குக் காதில் புகை வந்தது. அவள் திரையைக் காட்ட அவன் பக்கம் சாய்ந்தாள், அவன் ரோட்டை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே முழங்கை ஊன்றியவர்கள் எவ்வளவோ தேவலை, அவர்களாவது வெளியே நின்றார்கள்.

ஆனால் எனக்கு வேறொரு வாசமும் வந்தது. பச்சைப் பெட்ரோல் வாசம். மூன்றாவது சிக்னலில் செலோசா நடுங்கினாள். நாலாவதில் கரும்புகை கக்கினாள். ஐந்தாவதில், லியாண்ட்ரோ காருக்கு நேர் முன்னால், பொட்டென்று நின்றுபோனாள். பின்னால் வரிசையாக ஹாரன். நாடீன் லேப்டாப்பில் தட்டுகிறாள், "புரியலையே, பெட்ரோல் கம்மின்னு காட்டுதே, ஆனா புகை வருதே" என்று விழிக்கிறாள். நான் பின்சீட்டில் கம்மலைச் சரிசெய்துகொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்குப் பீன்ஸ் கூட இனித்தது.

அடுத்த ஐந்தாறு வாரம் இதே கூத்து. பிளக்கை மாற்றுவார்கள், இரண்டு நாள் ஒழுங்காகக் கிளம்பும், மறுபடி கரி. நாடீன் ஒயரை எல்லாம் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். புது சென்சார் வாங்கிப் போட்டாள். அவள் சிரிப்பு குறைந்தது. டெல்ஃபினோ முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. காலையில் ஆறிக் கிடக்கும்போது அந்த டிக் டிக் கேட்கும், சூடேறினால் அடங்கிவிடும். நான் வேலைக்குக் கிளம்பும் ஐந்து மணிக்கு அவன் வெளியே வந்து சாவியைத் திருப்பிப் பார்ப்பான். பிக்கப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போய்விடுவேன்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் நான் வீடு திரும்பியபோது அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி.

"நாடீன் கழுவிக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போனா" என்றான். "எனக்கு அலுத்துப்போச்சு ஒர்லி. இத மறுபடி மாட்டிடு. உன் கைக்குத்தான் அவ கேப்பா, நான் ஒத்துக்கறேன்."

நான் ஜெயித்துவிட்டேன். இந்த வார்த்தைக்காகத்தானே இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். "அப்பவே சொன்னேன்ல?" என்று வாயெடுத்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "ஜனெல் போன் பண்ணா நான் உனக்கு ஸ்கூலுக்கு போன் பண்றேன். நீ வந்து கிளப்பித் தா. கொஞ்சம் சீக்கிரம் வந்துடு, என்ன?"

கொஞ்சம் சீக்கிரம் வந்துடு. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பெட்டியைத் திறந்தேன். கார்புரேட்டர் வெள்ளிபோல் பளபளத்தது. சோக் கம்பியைப் பார்த்தேன். நிமிர்ந்திருந்தது. அளவு பார்த்து, நேராக, என் அப்பா செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பாரோ அப்படி. இதை இப்படியே மாட்டினால் இதுவும் யார் திருப்பினாலும் கிளம்பும். அவன் எனக்காகக் காத்திருக்க வேண்டுமானால், நான் மறுபடி இடுக்கியை எடுக்க வேண்டும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் எடுத்தது வேறு. இப்போது, எல்லாம் தெரிந்த பிறகு, மகளுக்குப் பிரசவம் நெருங்கும்போது எடுக்க வேண்டும்.

இடுக்கி ஆணியில் தொங்கியது. கையை நீட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கையை இழுத்துக்கொண்டு, பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, நேராக நாடீன் வீட்டுக்கு நடந்தேன். அவள் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தேன்.

"உன்ன யாருடி அதத் தொடச் சொன்னா?"

"உள்ள வாங்க அக்கா."

"அக்கா கிக்கான்னா பல்லு உதிரும். எதுக்கு நிமித்தின?"

"வளைஞ்சிருந்துச்சு, நிமித்தினேன்." நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது தேய்மானம் இல்ல. இடுக்கிப் பல்லு பதிஞ்சிருந்துச்சு. ஆயிரம் கார்புரேட்டர் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"எனக்கு எதுக்கு? உங்க வீட்டு விஷயம். நான் என் புருஷனோட போன் பூட்டயே பத்து வருஷம் நோண்டினவ. உங்கள நான் என்ன சொல்றது?"

இவளை வெறுப்பதற்கு எவ்வளவோ காரணம் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

"அவன்மேல உனக்கு..." என்று இழுத்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டெல்ஃபினோ மேலயா? ஐயோ கடவுளே! அந்த மனுஷன் நாள் பூரா உங்க பேச்சத்தான் பேசறாரு. ஒர்லி இப்படித் திட்டினா, ஒர்லி அப்படித் திட்டினா. எனக்கே சலிச்சுப்போச்சு."

அவள் வாசலில் நின்றுகொண்டே நான் சொன்னேன். "வலது பக்கம், குழாய் இறங்கற இடத்துல, பின் போல்ட். ஆறியிருக்கும்போது டிக் டிக்குனு கேக்குது."

அவளுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. கண் விரிந்தது. "எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"அடி பாவி அக்கா!" என்றாள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது டெல்ஃபினோ அதே படியில் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தால் இன்னும் இருபத்தாறு வருடம் ஆகிவிடும் என்று தெரியும். அதனால் படபடவென்று கொட்டினேன். போல்ட்டைச் சொன்னேன். சோக் கம்பியைச் சொன்னேன். மூன்று மிதி, பதினொன்று எண்ணிக்கை, கால்வாசி மிதி எல்லாம் சொன்னேன். ரிவர்சைடு ஜன்னலில் முழங்கை ஊன்றிய பெண்களைச் சொன்னபோது அவன் உதடு லேசாகச் சிரிக்கப் பார்த்தது. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன்போல் அந்தச் சிரிப்பு நின்றது.

"எந்த வருஷம் வளைச்ச?" என்றான்.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம்."

"அப்ப அம்மா போனப்ப வளைஞ்சுதான் இருந்துச்சு."

"ஆமா."

"போன்ல உன்கிட்ட கேட்டேன். எப்படிக் கிளப்பறதுன்னு சொல்லுன்னு."

"கேட்ட."

"பதினொண்ணு எண்ணுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

கத்துவான், அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிவான், போய்த் தொலை என்பான் என்று காத்திருந்தேன். அவன் எழுந்தான். ஷெட்டுக்குள் போய் ஸ்பேனரை எடுத்துவந்தான். பானெட்டைத் திறந்து, குனிந்து, அந்தப் பின் போல்ட்டை அரைத் திருப்பு இறுக்கினான். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கிளம்பியது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். டிக் டிக் இல்லை. பானெட்டை மூடினான், என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக செலோசா நான் இல்லாமல் வாசலைத் தாண்டினாள். நான் ஓடிப்போய் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். வலது பக்கம் திரும்பினால் நாடீன் வீடு. அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது, தூ! அவன் இடது பக்கம் திரும்பினான். அந்த வழியில் மாதாகோயிலும் கல்லறைத் தோட்டமும்தான் உண்டு.

அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியிருக்குமா, ஜனெலிடம் என்ன சொல்வது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் குறைவதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. சீராக, தும்மல் இல்லாமல், புகை இல்லாமல். நல்ல சத்தம் அது, மெக்கானிக் மகளாகச் சொல்கிறேன்.

உள்ளே வந்தான். சாவியை மேசைமேல் வைத்தான். முழங்காலில் சேறு ஒட்டியிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அம்மாவப் பாத்துட்டு வந்தேன்."

"என்ன சொன்ன?"

"வண்டி இப்ப ஒரே திருப்புல கிளம்புதும்மான்னு சொன்னேன்."

காத்திருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மத்தது எப்படிச் சொல்றது ஒர்லி? அவங்களுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்."